மேட்டுக்கு ஏறிய நாற்பத்தேழாம் நம்பர்

நாற்பத்தேழாம் நம்பர் கல்லைப் பார்த்ததும் பேராசிரியர் ஓடையின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டார். முழங்கால் அளவுத் தண்ணீர். கால்சட்டை, கைக்குட்டை, பையிலிருந்த மூக்குப்பொடி டப்பா எல்லாம் நனைந்தன. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

“மேல வந்திருக்கும்மா. பாரு, மேல!” என்றார்.

உண்மைதான். பத்து நாளைக்கு முன்னால் நான்தான் அந்தக் கல்லுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து, கறுப்பில் 47 என்று எழுதி, கீழே ஓடையில் வைத்தேன். நடுவில் இரண்டு நல்ல மழை. கல் உருண்டு கீழே போயிருக்க வேண்டும். ஆனால் அது இருநூறு அடி மேலே, ஒரு பாறைமீது, நம்பர் வானத்தைப் பார்க்க ஒய்யாரமாக உட்கார்ந்திருந்தது.

“சார், யாராவது எடுத்து வெச்சிருப்பாங்களோ?”

“மேட்டுக்குக் கல் சுமக்க எவனுக்கும்மா பைத்தியம்?”

சரி சார் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். எனக்கு இருபத்து மூன்று வயது. ஆறு மாதத் தற்காலிக வேலை. அன்று சாயங்காலத்துக்குள் பதினோரு கற்கள் மேட்டுக்கு ஏறியிருப்பதைக் கண்டுபிடித்தோம். வெள்ளத்தின் அடியில் பின்னோக்கி ஓடும் ஒரு சுழல் இருக்கிறது, அதுதான் கற்களை மேலே சுமக்கிறது என்று பேராசிரியர் முடிவு கட்டினார். ஈரக் கால்சட்டையோடு பஸ்ஸில் நின்றுகொண்டே, வெளிநாட்டு நிபுணர் ஒருவருக்கு எழுதவேண்டிய கடிதத்தின் முதல் வரியை எனக்குச் சொல்லிக் காட்டினார்.

பெயிண்ட் டப்பாவோடு ஒரு உத்தியோகம்

ஏற்காட்டில் நான் பார்த்த வேலை என்ன என்று ஒரு வாசகி கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார். ஓடைக்கு வைத்தியம் பார்க்கும் வேலை என்று சொல்லலாம். எண்பதுகளின் நடுவில் அப்படி ஒரு வேலை இருப்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. “காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறாள்” என்றுதான் அம்மா உறவினர்களிடம் சொல்லி வந்தார்.

மாரமங்கலம் பக்கத்தில் ஒரு சின்ன ஓடை. மேல் பாதி ஒரு காப்பி எஸ்டேட்டுக்குள் ஓடும். கீழ்ப் பாதி மலை விவசாயிகளின் காடுகளை ஒட்டி ஓடும். காடு என்று அவர்கள் சொல்வது சாமையும் கேழ்வரகும் விளைகிற நிலத்தை.

சில வருஷங்களுக்கு முன் எஸ்டேட்டில் காப்பி காயவைக்கப் பெரிய களம் ஒன்று கட்டினார்கள். கல்லுக்கு எங்கும் அலையவில்லை. ஓடையில் காலங்காலமாகக் கிடந்த பெரிய பாறைக்கற்களை எல்லாம் பெயர்த்து எடுத்துக்கொண்டார்கள். அடுத்த மழையிலிருந்து ஓடைக்குப் பேய் பிடித்த மாதிரி ஆயிற்று. தடுக்க எதுவும் இல்லாததால் தண்ணீர் அம்பு போலப் பாய்ந்தது. தரையைத் தோண்டியது. கரை சரிந்து எஸ்டேட்டின் காப்பிச் செடிகள் வேரோடு விழுந்தன. கீழே விவசாயிகளின் நிலத்தில் மணல் மூடியது. ஓடை ஆழமாகிவிட்டதால் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் இறங்கிப்போனது.

எஸ்டேட்காரர்கள் சர்க்கார் ஆபீசுக்கு மனுப் போட்டார்கள். ஓடையை நேராக்கி, இரண்டு பக்கமும் சிமெண்டுச் சுவர் எழுப்பி, வாய்க்காலாக மாற்றித் தரவேண்டும் என்று. ஆபீசிலிருந்து எங்கள் கல்லூரிக்கு ஒரு கடிதம் வந்தது: ஆராய்ந்து அறிக்கை தருக. பேராசிரியர் மேடுபள்ளம் பார்க்கும் ஒரு டம்பி லெவலையும் அளவுகோலையும் ஒரு டப்பா மஞ்சள் எனாமல் பெயிண்டையும் என்னையும் எடுத்துக்கொண்டு மலை ஏறினார்.

வெள்ளம் எவ்வளவு பெரிய கல்லை எவ்வளவு தூரம் தள்ளும் என்று தெரிந்தால்தான் ஓடையின் பலம் தெரியும். அதற்காகத்தான் நூறு கல்லுக்குப் பெயிண்ட். ஒரு வாரம் என் சோற்றிலெல்லாம் எனாமல் வாசனை அடித்தது.

ஆரஞ்சு வரவில்லை

கற்களுக்கு முன்னால் ஆரஞ்சுப் பழத்தில் ஆரம்பித்தோம். தண்ணீரின் வேகத்தை அளக்க ஆரஞ்சைவிட நல்ல கருவி கிடையாது. முக்கால்வாசி முழுகி மிதக்கும், காற்று தள்ளாது, நிறம் தூரத்திலிருந்தே தெரியும். சார் மேலே நின்று பழத்தைப் போட்டு விசில் ஊதுவார். கீழே நான் கடிகாரத்தோடு நிற்பேன்.

விசில் கேட்டது. ஒரு நிமிஷம் ஆயிற்று. ஆரஞ்சு வரவில்லை. ஐந்து நிமிஷம். மறுபடி விசில். இரண்டாவது பழமும் வரவில்லை. நாலாவது விசிலுக்குப் பிறகு நான் கரையோரமாக மேலே நடந்தேன். வளைவில், நாற்பது வயதுக்காரர் ஒருவர் காலைத் தண்ணீரில் போட்டபடி உட்கார்ந்து, மிக நிதானமாகச் சுளை பிரித்துக்கொண்டிருந்தார். அவர்தான் சடையன். ஓடையை ஒட்டிய முதல் காடு அவருடையது.

“வாங்க அம்மிணி, நீங்களும் ஒண்ணு எடுத்துக்கோங்க. மேல எஸ்டேட்ல யாரோ தர்மம் பண்றாங்களாட்டங்குது” என்றார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் வாயிலிருந்த சுளையை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் விழித்தார்.

“ஏனுங்க, தண்ணி எவ்வளவு வெரசா வருதுன்னு என்னையக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனுங்களே. ஆரஞ்சை எதுக்குங்க சிரமப்படுத்தறீங்க?”

அன்றைய நோட்டில் சார் ‘வேகம்: கணிக்க இயலவில்லை’ என்று எழுதிக்கொண்டார். காரணம் எழுதவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கற்களை வைத்த ஐந்தாம் நாளே அறுபத்திரண்டாம் நம்பரை நான் ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். மாரமங்கலம் பஸ்ஸின் பின் டயருக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள்.

“இது எங்க கல்லுங்க” என்றேன் கண்டக்டரிடம்.

“நொம்ப நல்ல கல்லுங்க. மஞ்சக் கலரா இருக்கறதால மறந்து உட்டுட்டுப் போறதே இல்லீங்க. நேத்து சேலம் வரைக்கும் போயிட்டு வந்துச்சு” என்றார் அவர். கல்லைத் திருப்பிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. பஸ் நிறைய ஜனங்கள், கீழே சரிவு. சாரிடம் சொன்னேன். அது விதிவிலக்கு, சேர்க்க வேண்டாம் என்றுவிட்டார்.

அதற்குப் பிறகும் நாற்பத்தேழு தானாக ஏறியது என்று அவர் நம்பினார் என்றால், எத்தனை ஆசையோடு நம்பியிருக்க வேண்டும்!

பாறை மறைவில்

கடிதம் தபாலில் போன மறுநாள், சார் சேலத்துக்குப் போயிருந்தார். நான் ஒரு காரியம் செய்தேன். காலையிலேயே ஓடைக்குப் போய், ஒரு பெரிய பாறையின் பின்னால், சாக்கை விரித்து உட்கார்ந்தேன். மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே பனி இன்னும் விலகவில்லை. அட்டை ஒன்று என் கணுக்காலைக் கண்டுபிடித்திருந்தது.

முதலில் சடையன் வந்தார். பின்னால் அவர் மனைவி சின்னப்பொண்ணு, தலையில் கூடை. கூடையில் ஏழெட்டு மஞ்சள் கற்கள். இருவரும் மூச்சு வாங்க மேலே ஏறி, எஸ்டேட் எல்லைக்குள் போய், கற்களை ஒவ்வொன்றாக ஓடையில் வைத்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று திருப்தியாகி, இறங்கிப் போனார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து எஸ்டேட்டில் கணக்கு பார்க்கும் ரைட்டர் தங்கராசு இரண்டு ஆட்களோடு வந்தார். கற்களைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார்.

“மறுபடியும் ஏத்திப் போட்டாங்களே! எடுத்துக் கீழ வீசுங்கய்யா!”

ஆட்கள் வீசினார்கள். மஞ்சள் கற்கள் என் தலைக்கு மேல் பறந்து கீழே விழுந்தன. எங்கள் ஆராய்ச்சி முழுவதும் என் கண் முன்னால் ஆகாய மார்க்கமாகப் போயிற்று.

ரைட்டர் போன பிறகு நான் நேரே சடையனின் காட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் சின்னப்பொண்ணு கூடையைப் பின்னால் மறைத்தார்.

“அக்கா, பயப்படாதீங்க. எதுக்காக அந்தக் கல்லை மேல கொண்டு போறீங்க?”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் சின்னப்பொண்ணுதான் பேசினார்.

“உங்களுக்குத் தெரியாததுங்களா? நம்பர் போட்ட சர்வே கல்லு எங்க வந்து நிக்குதோ, அது வரைக்கும் கவர்மெண்டு எடுத்துக்குமாமா. ரைட்டரு சொன்னாருங்க. அதான் கல்லு எங்க காட்டுக்கு வராமப் பாத்துக்கறோம்.”

ரைட்டரும் அதையே நம்பித்தான் தன் பக்கத்திலிருந்து வீசிக்கொண்டிருந்தார். நான் டம்பி லெவல் வைத்துப் பார்த்ததும், நம்பர் எழுதியதும், நிலம் அளக்கிறோம் என்று நினைக்கப் போதுமாக இருந்திருக்கிறது. சிரிப்பு வந்தது. வாயைத் திறப்பதற்குள் சடையன், “வாங்க, காட்டறேன்” என்று கையைப் பிடிக்காத குறையாக ஓடைக்கு அழைத்துப் போனார்.

அங்கே பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது.

நாங்கள் இதுவரை இறங்கிப் பார்க்காத கீழ்ப் பகுதியில், ஓடைக்குக் குறுக்கே, கரைக்குக் கரை, பெரிய பெரிய கற்களை அடுக்கியிருந்தார்கள். ஒன்றல்ல. ஐம்பது அடிக்கு ஒன்றாக நான்கு வரிசை. எல்லாம் எங்கிருந்தோ உருட்டிக்கொண்டு வந்த பாறைக்கற்கள்.

“இது எதுக்குங்க?”

“கைக்குத் தப்பி வெள்ளத்துல வர்ற நம்பர் கல்லைத் தடுக்கறதுக்குங்க. நாலு ஊட்டுக்காரங்க சேந்து போட்டோம். இடுப்பு ஒடிஞ்சு போச்சு.”

மலை ஓடை சரிவில் வழுக்கி ஓடுவதில்லை. படி இறங்கி ஓடுகிறது. ஒரு படி, கீழே ஒரு மடு, மறுபடி ஒரு படி. ஒவ்வொரு படியிலும் விழுந்து தண்ணீர் தன் கோபத்தைத் தொலைக்கும். இதை நான் புத்தகத்தில் படித்துப் பரீட்சையும் எழுதியிருக்கிறேன். படம்கூட வரைவேன். நேரில் அன்றைக்குத்தான் பார்த்தேன். எஸ்டேட் பெயர்த்தெடுத்த படிகளை இவர்கள் திரும்ப வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வரிசைக்கு மேலும் மணல் படிந்து, தோண்டிப்போன தரை உயர்ந்திருந்தது. கீழே மடுவில் தண்ணீர் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. கரை சரியவில்லை. ஒரு கல்லைப் புரட்டினேன். அடியில், மணலை ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும் பூச்சிகள் ஏழெட்டு. சிமெண்டு வாய்க்கால் வந்திருந்தால் இவை எதுவும் வந்திருக்காது.

“நண்டுகூட வந்துருச்சுங்க அம்மிணி. ரெண்டு வருசமா ஒண்ணுகூடக் கண்ணுல படல. போன வாரம் ரசம் வெச்சேன்” என்றார் சின்னப்பொண்ணு.

பத்து நாள் வாய் மூடியிருந்தது

சேலத்திலிருந்து வந்த சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தன் சுழல் கொள்கை காற்றில் பறந்ததைக் கேட்டவர், என்னோடு வந்து நான்கு வரிசைகளையும் பார்த்தார். திரும்பும்போது, “சொல்லாதே” என்றார்.

“சார்?”

“நம்பர் கல்லு வெறும் கல்லுன்னு தெரிஞ்சா, இந்த வரிசைகளை நாளைக்கே பிரிச்சு ஊடு கட்ட எடுத்துட்டுப் போயிடுவாங்க. ஒரு மழைக்காலம் நிக்கட்டும். ஓடை பிழைச்சுக்கும்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் பத்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். தினமும் போனேன், மணல் உயரத்தை அளந்தேன், நண்டு எண்ணினேன். சின்னப்பொண்ணு கொடுத்த கேழ்வரகுக் களியைத் தின்றேன்.

பதினோராம் நாள் சடையன் என்னிடம் தனியாக வந்தார். சட்டை போட்டிருந்தார். அவர் சட்டை போட்டு நான் பார்த்ததில்லை.

“அம்மிணி, நீங்க படிச்சவங்க. ஒண்ணு கேக்கறேன். கவர்மெண்டு சும்மா எடுத்துக்கறதுக்கு முந்தி, காட்டைக் கெடைச்ச வெலைக்கு எனக்கே குடுத்துரு, ஆபீசுல நான் பேசிக்கறேன்னு ரைட்டரு சொல்றாருங்க. நாளைக்கு எழுதிக்கலாங்கறாரு. குடுத்துரட்டுங்களா?”

ரைட்டருக்குள்ளே பயம் பேராசையாகப் பழுத்திருந்தது. சடையனின் முகத்தைப் பார்த்தேன். ஓடை பிழைத்து என்ன, அதன் கரையில் இவர் இல்லாமல் போனால்?

“அண்ணா, அது சர்வே கல் இல்லீங்க. வெறும் கல்லு. வெள்ளம் எவ்வளவு தூரம் தள்ளுதுன்னு பாக்கறதுக்கு நான் பெயிண்ட் அடிச்சு வெச்சது. கவர்மெண்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. இது எனக்குப் பத்து நாளா தெரியும், உங்ககிட்டச் சொல்லல.”

அவர், “கல்லு எங்க போகுதுன்னு பாக்கறதுக்கா?” என்றார்.

“ஆமாங்க.”

“ஆரஞ்சு மாதிரியா?”

“ஆமாங்க.”

சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

தண்டனை

மறுநாள் நாலு வீட்டுக்காரர்களும் ஓடைக்கரையில் கூடினார்கள். எங்களை வரச் சொன்னார்கள். சார் மன்னிப்புக் கேட்டார், நானும் கேட்டேன். சார் பயந்தது போலவே ஒருவர், “அப்ப அந்தக் கல்லெல்லாம் எனக்கு வேணுங்க, மாட்டுக் கொட்டாய்க்கு” என்றார்.

சின்னப்பொண்ணு எழுந்தார். “தொட்டுப் பாரு! கெணத்துல ஒரு மொழம் தண்ணி ஏறியிருக்குது. உன் கொட்டாய்க்கு வேற எடத்துல போய் நோண்டு” என்றார். பேச்சு அதோடு முடிந்தது. சாரின் நியாயமும் என் பத்து நாள் மௌனமும் எதற்கும் உதவாமல் போயின. கிணற்றை எட்டிப் பார்க்க அவர்களுக்கு எங்கள் அறிக்கை தேவைப்படவில்லை.

பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். “எங்க வயித்துல புளியக் கரைச்சீங்கல்ல? அஞ்சாவது வரிசைய நீங்க ரெண்டு பேரும் போடுங்க.”

போட்டோம். இரண்டு நாள். மேட்டுக்குக் கல் சுமக்க எவனுக்குப் பைத்தியம் என்று கேட்ட மனிதர், பூட்ஸ் நழுவ நழுவக் கல் சுமந்தார். அவர் அழகாக நிறுத்தி வைத்த கற்களைச் சின்னப்பொண்ணு காலால் ஒரு தட்டு தட்டினார். சரிந்து விழுந்தன.

“சாரு, கல்லு நிக்கக் கூடாதுங்க, ஒக்காரோணும். தண்ணி வர்ற பக்கமாச் சாஞ்சு, பக்கத்துக் கல்லு மேல தோள் போட்டுட்டு ஒக்காரோணும்.”

சார் கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார். அவர் அறிக்கையில் பிறகு அது இரண்டு பக்கமாக விரிந்தது. அவர் மேல் எனக்கு அந்த நிமிஷம்தான் மரியாதை வந்தது.

வெளிநாட்டு நிபுணரிடமிருந்து அதே வாரம் பதில் வந்தது. மிகவும் பண்பான கடிதம். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: அந்தப் பக்கத்தில் மனிதர்கள் வசிக்கிறார்களா?

ஃபைலில் ஒரு வரி

மழை முடிந்ததும் ஆபீசிலிருந்து இன்ஜினியர் ஜீப்பில் வந்தார். நல்ல மனிதர், அவசரத்தில் இருந்தார். கையில் எங்கள் அறிக்கை. கரை சரியவில்லை, மணல் இறங்கவில்லை, மடுக்களில் தண்ணீர் தெளிவாகக் கிடந்தது. ஐந்து வரிசைகளையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“யாருங்க இதைக் கட்டினது?”

அனுமதியில்லாமல் ஓடையை மறித்தால் கேஸ் என்று எல்லோருக்கும் தெரியும். சடையன் மேகத்தைப் பார்த்தார். களத்துக்குக் கல் எடுத்த கதை வெளியே வந்துவிடுமோ என்று ரைட்டர் தன் செருப்பைப் பார்த்தார். பேராசிரியர் தன் உள்ளங்கைக் கொப்புளங்களை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“யாரும் கட்டலையா?”

“இல்லீங்க” என்றோம், எல்லோரும் சேர்ந்து.

இன்ஜினியர் எங்களை ஒரு நிமிஷம் பார்த்தார். புரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஃபைலை ஜீப்பின் முகப்பில் வைத்து எழுதி, சாரிடம் காட்டிவிட்டுப் புறப்பட்டார். வாய்க்கால் திட்டம் அந்த ஒரு வரியோடு படுத்துவிட்டது.

“என்னங்க எழுதினாரு?” என்று கேட்டார் சின்னப்பொண்ணு.

“தடுப்புகள் இயற்கையாக அமைந்தவை. சிமெண்டு வேலை தேவையில்லை” என்றேன்.

எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், அவரைத் தவிர.

“இயற்கையா?” என்றார். “மூணு நாளு எந்திரிக்க முடியாமப் படுத்துக் கெடந்தேன் அம்மிணி. எண்ணெய் போட்டு நீவுனது இவரு. அது இயற்கைங்களா?”

நான் வேலை முடிந்து மலை இறங்கும்வரை அவர் அந்தக் கோபத்தை விடவில்லை.

அடுத்த வருஷம், மழைக்குப் பின் ஒரு நாள், லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். ஐந்து வரிசை ஏழாகியிருந்தது. ஏழாவது, எஸ்டேட் எல்லைக்குள்ளேயே இருந்தது. அசைத்துப் பார்த்தேன், ஒரு கல்லும் நகரவில்லை. ஒவ்வொன்றும் தண்ணீர் வரும் பக்கம் சாய்ந்து, பக்கத்துக் கல்மேல் தோள் போட்டு உட்கார்ந்திருந்தது.

மடுவில் துணி அலசிக்கொண்டிருந்தார் சின்னப்பொண்ணு.

“அக்கா, இந்த ரெண்டையும் யாருங்க கட்டினது?”

அவர் நிமிர்ந்தார். இடுப்பில் கை வைத்து, முதுகை ஒரு முறை நெளித்துக்கொண்டார்.

“அதுங்களா? தானா வந்துச்சுங்க” என்றார்.